ஆறாவது சிங்கம்

பெட்ரோவ்ரிசி,
7 அக்டோபர் 1962

அன்புள்ள அப்பாவுக்கு,

நானும் அம்மாவும் ஆடுகளும் சுகம். ஸ்டுட்கார்ட்டில் குளிர் தொடங்கிவிட்டதா, இருமல் நின்றதா என்று அம்மா முதலில் கேட்கச் சொன்னார். உங்கள் கடிதம் வந்ததும் வழக்கம்போல் ஒரு சொல் விடாமல் படித்துக் காட்டினேன். அம்மா இரண்டாம் முறையும் படிக்கச் சொன்னார்.

நம் ஊர் இடிந்த பழங்காலக் கோயிலை அளந்து பட்டியல் எடுக்க ஏதென்ஸிலிருந்து தொல்பொருள் இலாகாவின் அம்மையார் ஒருவர் வந்திருக்கிறார். பெயர் கிளேயோ. கால்சட்டை போடுகிறார். காப்பிக்கடையில் இரண்டு நாள் அதே பேச்சுதான். பள்ளி விட்டதும் நான் அங்கே போய், நாடாவின் ஒரு முனையைப் பிடித்துக்கொள்கிறேன். அப்பா, இத்தனை வருடம் அந்தக் கற்களின் மேல் உட்கார்ந்து ஆடு மேய்த்தோமே, அவை என்னவென்று தெரியாமலே!

கீழே மூன்று படிகள். மேல்படியில் பீடம் எதுவும் இல்லாமல் தூண்கள் நேராக எழுகின்றன. ஒவ்வொன்றிலும் இருபது வரிப்பள்ளங்கள். நான் விரல் வைத்து எண்ணினேன். தூண் ஒரே கல் அல்ல, உருளை உருளையாக அடுக்கியது. நடுவில் மரமுளை செருகும் சதுரக் குழி இருக்கிறது. உச்சியில் திண்டு போன்ற போதிகை, அதன்மேல் சதுரக் கல், அதன்மேல் உத்தரம். உத்தரத்துக்கு மேலே மூன்று கோடு வெட்டிய கல்லும் வெறும் சதுரக் கல்லும் மாறி மாறி. கோட்டுக் கல்லுக்குக் கீழே ஆறு சொட்டுகள் தொங்குவதுபோல் செதுக்கியிருக்கிறார்கள். ஆதியில் கோயில் மரத்தால் இருந்தபோது அவை ஆணிகளாக இருந்திருக்கலாமாம்.

தூண் நடுவில் லேசாக உப்பியிருப்பதையும் கிளேயோ அம்மையார் காட்டினார். ஏன் என்று கேட்டேன். அவர் பதில் சொல்வதற்குள் ஸரான்டிஸ் ஞானப்பா, "தலைமேல அவ்ளோ பாரம் இருந்தா நீயும் உப்பத்தான் செய்வே" என்றார். அம்மையார் விழுந்து விழுந்து சிரித்தார். ஞானப்பாவுக்குக் காவலாளித் தொப்பியை இன்னும் நேராக வைக்கத் தெரியவில்லை. நொண்டும் கால் அப்படியேதான் இருக்கிறது. உங்களை விசாரித்தார்.

போகும்முன் நீங்கள் கட்டிக்கொடுத்த ரொட்டி அடுப்பு நன்றாக எரிகிறது. அக்கம்பக்கத்துப் பெண்கள் சனிக்கிழமை நம் முற்றத்தில்தான் சுடுகிறார்கள்.

தேவமாதா உங்களைக் காக்கட்டும்.

உங்கள் அன்பு மகள்,
ஆந்தூசா

*

ஸ்டுட்கார்ட்,
28 அக்டோபர் 1962

மகளே,

உடம்பு பரவாயில்லை. நீங்கள் இருவரும் நலமாக இருந்தால் எனக்கு அது போதும். இங்கே பகலெல்லாம் இயந்திரச் சத்தம், அறையில் ஆறு பேர். அதில் இரண்டு பேர் துருக்கிக்காரர்கள், நல்லவர்கள்.

கல்லை அளந்து என்ன ஆகப் போகிறது? உன்னை மேல்நிலைப் பள்ளிக்கு அனுப்பியது புத்தகம் படிக்க. கணக்கில் கவனம் வை. வண்ணப் பென்சில்கள் அனுப்பியிருக்கிறேன், பன்னிரண்டு நிறம். உன் ஞானத்தகப்பன் ஸரான்டிஸுக்கு என் வணக்கம்.

அடுப்புக்கு மழைக்கு முன் ஒரு பூச்சு சுண்ணாம்பு அடிக்கச் சொல்லு. முன்பக்கம் முக்கியமாக.

அப்பா லாம்ப்ரோஸ்

*

பெட்ரோவ்ரிசி,
25 நவம்பர் 1962

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். அங்கேயும் அப்படியே இருக்க வேண்டுகிறேன். பென்சில்கள் வந்தன. வகுப்பில் எவரிடமும் இல்லை! அடுப்புக்கு அம்மா சுண்ணாம்பு அடித்துவிட்டார்.

உங்களுக்கு ஒரு பெரிய செய்தி. நான் ஒன்றைக் கண்டுபிடித்திருக்கிறேன். கிளேயோ அம்மையாரே சொன்னார், "இதைக் கண்டுபிடிச்சது நீதான்" என்று.

கூரை விளிம்பில் மழைநீர் ஓட ஒரு கால்வாய்க் கல் வரிசை இருந்தது. மற்றதெல்லாம் சாம்பல் கல், இது மட்டும் வெள்ளைப் பளிங்கு. ஒவ்வொரு கல்லிலும் ஒரு சிங்கத் தலை. அதன் வாய் வழியாகத் தண்ணீர் கொட்டும். கோயிலுக்குப் பின்னால் முட்செடிக்குள் குவிந்து கிடந்தனவே, அவைதாம். ஞானப்பா முள்ளை வெட்டினார், நான் பாசியைச் சுரண்டினேன். ஒவ்வொன்றின் மேல்புறமும் ஓர் எழுத்து வெட்டியிருக்கிறது. ஏற்றும்போது வரிசை மாறாமலிருக்க அந்தக் காலத்துக் கொத்தர்கள் போட்ட அடையாளம். அதன் பக்கத்தில் பாதிப் பள்ளம் ஒன்று. பக்கத்துக் கல்லில் அதன் மறுபாதி. இரண்டையும் சேர்த்து இரும்புப் பட்டை வைத்து ஈயம் ஊற்றிப் பிணைப்பார்களாம்.

நான் தரையில் வரிசையாகப் படம் போட்டேன். ஐந்தாவது எழுத்து இருக்கிறது, ஏழாவது இருக்கிறது, ஆறாவது எழுத்தான ஸீட்டாவைக் காணோம். அம்மையார் 1936-ஆம் ஆண்டுப் பழைய பட்டியலை எடுத்துப் பார்த்தார். "சிங்கத் தலையுடன் பதினொரு கற்கள், உடையாதவை" என்று இருந்தது. இப்போது பத்துதான். என் படத்தை அவர் அறிக்கையோடு இணைத்து ஏதென்ஸுக்கு அனுப்பிவிட்டார், கீழே என் பெயரோடு!

ஞானப்பா மட்டும் சந்தோஷப்படவில்லை. குனிந்து, அந்த இடைவெளியில் கையை வைத்துப் பார்த்தார். "வருஷா வருஷம் எல்லாம் சரின்னு கையெழுத்துப் போட்டேனே, குட்டி. ஒருதரமும் எண்ணலையே" என்றார்.

நீங்கள் ஜெர்மனி போகும்முன், அவர் காலுக்காக ஆஸ்பத்திரியில் இருந்த இரண்டு வாரம் கோயில் சாவி உங்களிடம்தானே இருந்தது? அப்போது பதினொன்றும் இருந்தனவா? ஞாபகப்படுத்திச் சொன்னால் அவருக்கு உதவியாக இருக்கும்.

பதிலுக்குக் காத்திருக்கும்
உங்கள் மகள் ஆந்தூசா

*

பெட்ரோவ்ரிசி,
6 ஜனவரி 1963

அன்புள்ள அப்பாவுக்கு,

கிறிஸ்துமஸுக்கும் கடிதம் இல்லை, புத்தாண்டுக்கும் இல்லை. இருமல் மோசமாகிவிட்டதோ என்று அம்மா அழுகிறார். நாங்கள் நலம். இன்று திருவிழா; ஆசீர்வாதத்துக்கு ஆற்றில் சிலுவை போட்டார்கள், தபால்காரர் மகன் முங்கி எடுத்தான்.

என் போன கடிதம் கிடைக்கவில்லை என்று நினைக்கிறேன். கூரை விளிம்பில் ஆறாவது சிங்கத்தைக் காணோம். ஞானப்பாவை வேலையிலிருந்து நிறுத்தி வைத்துவிட்டார்கள். தொப்பியைத் திருப்பிக் கேட்டார்கள். அவர் அதைத் துவைத்துக் காயவைத்துக் கொடுத்தார்.

காப்பிக்கடையில் சும்மா விடுவார்களா?

"என்ன ஸரான்டிஸ், சிங்கத்தை வறுத்துத் தின்னியா, வேகவச்சுத் தின்னியா?"

"ஒயினோட இறங்கியிருக்கும்யா, அந்தத் தொண்டைக்கு!"

"சிங்கம் போனா என்ன, இன்னும் பத்து இருக்கே. பேரம் பேசு."

நான் உப்பு வாங்கப் போயிருந்தேன். ஞானப்பா தலை நிமிரவில்லை. "ஆந்தூசா, உப்பு வாங்கினியா? வீட்டுக்குப் போ" என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என் பெயர் அந்தப் படத்தின் கீழே இருப்பது ஊருக்கே தெரியும்.

அந்த இரண்டு வாரத்தைப் பற்றித் தயவுசெய்து எழுதுங்கள்.

உங்கள் சுகத்தை ஒரு வரியிலாவது அறிய ஏங்கும்
ஆந்தூசா

*

ஸ்டுட்கார்ட்,
27 ஜனவரி 1963

மகளே,

எனக்கு ஒன்றுமில்லை, உயிரோடு இருக்கிறேன். அம்மாவை அழ வேண்டாம் என்று சொல். இங்கே பனி இடுப்புவரை. தொழிற்சாலைக்கு நடந்து போகிறோம். இந்த வயதுவரை இப்படி ஒரு குளிர் பார்த்ததில்லை.

ஸரான்டிஸ் நல்லவன்தான். ஆனால் எப்போதும் குடியும் தூக்கமும். அப்படிப்பட்டவன் கையில் சாவி கொடுத்தால் இப்படித்தான் ஆகும். நீ அந்தப் பக்கம் போகாதே. வயதுப் பெண்ணுக்கு அது அழகில்லை.

உறைபனியில் அடுப்பு வெடித்திருக்கிறதா பார். சுண்ணாம்பு உரிந்திருந்தால் உடனே அடிக்கச் சொல். ஊர்ப் பெண்களை அங்கே கூட்டம் சேர்க்க வேண்டாம். அவரவர் வீட்டில் சுடட்டும்.

அப்பா

*

பெட்ரோவ்ரிசி,
3 மார்ச் 1963

அன்புள்ள அப்பாவுக்கு,

நலமாக இருக்கிறீர்கள் என்று உங்கள் எழுத்தைப் பார்த்த பிறகுதான் அம்மா சாப்பிட்டார். நாங்களும் சுகம். நோன்பு தொடங்கிவிட்டது, சாப்பாடு அவரைக்கொட்டையும் ஆலிவும்தான்.

பெண்கள் நம் முற்றத்துக்கு வர வேண்டாம் என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் அம்மா, "ஏனாம்?" என்றார். எனக்கும் தெரியவில்லை.

ஞானப்பா மேல் வழக்குப் போட்டுவிட்டார்கள். மே 13 விசாரணை. தண்டனை ஆறு மாதத்துக்குக் குறையாது என்று வக்கீல் குமாஸ்தா சொன்னாராம். நான் உங்கள் பேச்சை மீறி அவரைப் பார்க்கப் போனேன். மன்னியுங்கள். அவர் ஒயின் குடிப்பது ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு மட்டும்தான் அப்பா, உங்களுக்குத் தெரியாதா?

"ஞானப்பா, நீங்க ஆஸ்பத்திரியில இருந்தப்போ யாராவது வந்து எடுத்திருக்கலாமே. அதை ஏன் சொல்லலை?" என்று கேட்டேன்.

"எந்த ஆஸ்பத்திரி?"

"காலுக்காகப் போனீங்களே! நான்கூட ஆரஞ்சுப்பழம் குடுத்தனுப்பினேனே!"

"அது வேற யாரோ. நான் ஒருநாள்கூடக் கோயிலை விட்டு நகர்ந்ததில்லை. அதிகாரிகிட்டயும் அப்படித்தான் எழுதிக் குடுத்திருக்கேன். நீ எங்கேயும் போய் ஆரஞ்சுக் கதை சொல்லாதே, கேட்டியா?"

தன்னைக் காப்பாற்றக்கூடிய ஒரே விஷயத்தை அவரே மறைக்கிறார். ஏன் என்று எனக்குப் புரியவில்லை. இரண்டு நாளாகப் பாடத்தில் மனம் போகவில்லை. நீங்கள் ஒரே ஒரு கடிதம் இலாகாவுக்கு எழுதினால் போதும், சாவி இரண்டு வாரம் உங்களிடம் இருந்தது, அப்போது கற்கள் இருந்தன அல்லது இல்லை என்று.

வழிமேல் விழி வைத்திருக்கும்
ஆந்தூசா

*

ஸ்டுட்கார்ட்,
24 மார்ச் 1963

மகளே,

உடம்பு தேறியிருக்கிறது. ஈஸ்டருக்கு வர லீவு இல்லை.

ஞானத்தகப்பன் முறைக்கு வருடா வருடம் தருவதுபோல் இந்த வருடம் ஸரான்டிஸால் உனக்கு ஈஸ்டர் மெழுகுவத்தியும் செருப்பும் வாங்கித் தர முடியாது. அதனால் நானே ஜெர்மன் செருப்பு அனுப்புகிறேன். நல்ல தோல். அதைப் போட்டுக்கொண்டு தேவாலயத்துக்குப் போ.

ஆஸ்பத்திரி பற்றி யாரும் கேட்டால் உனக்குத் தெரியாது. அப்போது நீ சின்னப் பெண். பெரியவர்கள் தங்களுக்குள் பேசி முடித்துக்கொள்வார்கள்.

ஈஸ்டருக்கு முந்தின பெரிய வாரத்தில் வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது அடுப்பின் முன்பக்கத்தைச் சுரண்ட வேண்டாம். பழசின் மேலேயே கனமாக இரண்டு பூச்சு அடிக்கட்டும். அம்மாவே அடிக்கட்டும், உனக்குப் படிப்பு இருக்கிறது.

அப்பா

*

பெட்ரோவ்ரிசி,
15 ஏப்ரல் 1963, ஈஸ்டர் திங்கள்

அப்பாவுக்கு,

கிறிஸ்து உயிர்த்தார். அம்மா சுகமாக இருக்கிறார்.

பெரிய வாரப் புதன்கிழமை அம்மாவுக்கு முதுகு பிடித்துக்கொண்டது. அதனால் நான்தான் வெள்ளையடித்தேன். மதில், படி, எலுமிச்சை மரத்தின் அடி, எல்லாம் முடிந்து கடைசியாக அடுப்பு. சுரண்ட வேண்டாம் என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள். உங்கள் எல்லாக் கடிதங்களையும் நான் ஒரு டப்பாவில் வைத்திருக்கிறேன். எடுத்துப் பார்த்தேன். இந்த வருடம் நீங்கள் எழுதிய ஒவ்வொன்றிலும் அடுப்பு இருக்கிறது. நான் கேட்டதற்குப் பதில் ஒன்றில்கூட இல்லை.

பிறகு கரண்டியை எடுத்துச் சுரண்டினேன்.

அடுப்பின் வாயில் நாம் ரொட்டித் தட்டை வைக்கும் முன்கல் வெள்ளைப் பளிங்கு. அதன் நடுவில் ஸீட்டா. அதன் ஓரத்தில் பாதிப் பள்ளம். காகிதம் வைத்து அதைப் பென்சிலால் தேய்த்து எடுத்தேன், நீங்கள் அனுப்பிய பென்சில்தான். கோயிலுக்கு ஓடிப்போய் ஐந்தாவது கல்லின் பள்ளத்தோடு வைத்துப் பார்த்தேன். மயிரிழை பிசகாமல் சேர்ந்தது. அடுப்புக்குள் கையை விட்டால் உள்பக்கத்தில் ரம்பம் போட்ட தடம் தெரிகிறது. சிங்கத் தலை மட்டும் அறுபட்டு, விற்பனைக்குச் சாக்கில் போயிருக்கிறது, மற்றது கனமாக இருந்திருக்கும்.

சாவி உங்களிடம் இருந்த அந்த வருடம்தான் உங்களுக்கு ரயில் டிக்கெட் கிடைத்தது. அந்த வருடம்தான் என்னை மேல்நிலைப் பள்ளியில் சேர்ப்பதாக முடிவாயிற்று.

சனிக்கிழமை சாயங்காலம் ஞானப்பா வந்தார். கையில் வெள்ளை ரிப்பன் கட்டிய மெழுகுவத்தி, காகிதத்தில் சுற்றிய செருப்பு. எங்கே வாங்கினார், எதை விற்று வாங்கினார் என்று தெரியவில்லை. வாசலில் நின்றபடியே அடுப்பைப் பார்த்தார். நான் சுரண்டிய இடத்தில் இன்னும் சுண்ணாம்பு அடிக்கவில்லை.

"ரொட்டி நல்லா வேகுதா?" என்றார்.

"ஞானப்பா, உங்களுக்கு எப்போலேருந்து தெரியும்?"

"நீ படம் போட்ட அன்னிக்கு. சாவியை நான் ஒருத்தன்கிட்டதான் குடுத்தேன்."

"அப்போ ஏன் சொல்லலை?"

"ஞானஸ்நானத்துல எண்ணெய் பூசி, தண்ணியில முக்கி, உன் பேரைச் சொல்லித் தூக்கினவன் நான். உங்கப்பனைப் புடிச்சுக் குடுத்துட்டு எந்தக் கையால உனக்கு மெழுகுவத்தி நீட்டுவேன்? செருப்பைப் போட்டுப் பாரு. கடிச்சா மாத்திடலாம்."

கடிக்கவில்லை. அதைப் போட்டுக்கொண்டுதான் தேவாலயத்துக்குப் போனேன். உங்களுடையது பெட்டியிலேயே இருக்கிறது.

மே 9 வியாழக்கிழமை கிளேயோ அம்மையார் விசாரணைக்காகக் கடைசி முறை வருகிறார். அதற்குள் உங்களிடமிருந்து அவருக்கு ஒரு கடிதம் வர நேரம் இருக்கிறது. நான் எவரிடமும் சொல்லவில்லை. அம்மாவிடமும் சொல்லவில்லை. அடுப்புக்கு மட்டும் சுண்ணாம்பு அடிக்கவில்லை. கிணற்றுக்குப் போகிறவர்கள் எல்லோரும் எட்டிப் பார்க்கிறார்கள். ஸீட்டா முற்றத்து வாசலிலிருந்தே தெரிகிறது. ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. காப்பிக்கடையில் சிங்கப் பேச்சு நின்றுவிட்டது.

எழுதுங்கள் அப்பா.

ஆந்தூசா

*

ஸ்டுட்கார்ட்,
29 ஏப்ரல் 1963
(விரைவுத் தபால்)

ஆந்தூசா, இதை அம்மாவிடம் படித்துக் காட்டு.

வாசிலோ, அடுப்பு விரிசல் விட்டுவிட்டது என்று சொல்லி இடித்துவிடு. முன்கல்லை உன் தம்பியின் வண்டியில் ஏற்றிப் பள்ளத்தாக்கில் தள்ளச் சொல். அந்த அம்மையார் வரும் வியாழக்கிழமைக்கு முன் ஆக வேண்டும். காரணம் கேட்காதே. ஸரான்டிஸுக்குப் பிள்ளை குட்டி இல்லை. ஆறு மாதம் அவனுக்கு ஓடிவிடும். எனக்கு ஒன்று ஆனால் நீங்கள் இருவரும் என்ன செய்வீர்கள்?

மகளே, நான் யாருக்காகச் செய்தேன் என்று உன் புத்தகங்களைக் கேள்.

லாம்ப்ரோஸ்

*

பெட்ரோவ்ரிசி,
12 மே 1963

உங்கள் விரைவுத் தபால் செவ்வாய்க்கிழமை வந்தது. அம்மா கையைத் துடைத்துக்கொண்டு, வழக்கம்போல் எதிரில் உட்கார்ந்தார். நான் படித்துக் காட்டினேன்.

நான் படித்தது இது: "வாசிலோ, கோயில் கல்லை எடுத்தவன் நான். தலையை விற்றேன், மீதியை அடுப்பில் வைத்தேன். வியாழக்கிழமை அம்மையாரைக் கூப்பிட்டுக் காட்டு. நான் செய்ததற்கு ஸரான்டிஸ் சிறைக்குப் போகக் கூடாது. என்னை மன்னித்துவிடு."

 அம்மா வழக்கம்போல் இன்னொரு முறை படிக்கச் சொன்னார். அதே சொற்களை அதே வரிசையில் சொல்ல வேண்டியிருந்தது, சொன்னேன். "திருடினான், சரி. ஆனா வாய் தொறந்து சொன்னான் பாரு. எத்தனை ஆம்பளைக்கு அது வரும்?" என்றார். காகிதத்தை முத்தமிட்டுத் தேவமாதா படத்துக்குப் பின்னால் செருகினார்.

வியாழக்கிழமை கிளேயோ அம்மையாரை அம்மாவே கையைப் பிடித்து முற்றத்துக்கு அழைத்து வந்தார். அம்மையார் முழங்காலிட்டுக் கல்லைப் பார்த்தார். ஆதாரமாக ஏதாவது எழுத்து இருக்கிறதா என்று கேட்டார். நான் தடுப்பதற்குள் அம்மா படத்துக்குப் பின்னாலிருந்து கடிதத்தை எடுத்து நீட்டிவிட்டார்.

அவர் படித்தார். கடைசி வரிவரை படித்தார். என்னைப் பார்த்தார். பிறகு அதை நாலாக மடித்து அம்மா கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

"வச்சுக்கங்க அம்மா. கல்லே போதும் எனக்கு. உங்க வீட்டுக்காரர் நல்லா எழுதியிருக்காரு" என்றார்.

ஞானப்பா மேல் இருந்த வழக்கு நின்றுவிட்டது. தொப்பியைத் திருப்பிக் கொடுக்க வந்தார்கள், அவர் வாங்கவில்லை. என்னோடும் பேசவில்லை. நேற்று வழியில் பார்த்தபோது, "உன்னை எவன் கேட்டான்?" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தார். அவர் எனக்காகச் செய்ததை நான் கலைத்துவிட்டேன். வழக்கு இப்போது உங்கள் பெயரில் இருக்கிறது. எல்லையில் பிடிப்பார்களாம். அதனால் நீங்கள் இனி வர மாட்டீர்கள் என்பது எனக்குத் தெரியும். அம்மாவுக்குத் தெரியாது. நீங்கள் தண்டனையை ஏற்றுக்கொள்ள வந்துகொண்டிருப்பதாக அவர் ஊரெல்லாம் சொல்கிறார்.

கல்லைப் பெயர்த்ததில் அடுப்பு சரிந்துவிட்டது. பக்கத்து வீட்டில் ரொட்டி சுடுகிறோம். ஸீட்டாவைக் கோயிலுக்குக் கொண்டுபோய் ஐந்தாவதுக்கும் ஏழாவதுக்கும் நடுவில் வைத்தார்கள். இரண்டு பக்கமும் பள்ளங்கள் பொருந்தின. பதினொன்றும் வரிசையாக இருக்கின்றன. பத்துக்கு முகம் இருக்கிறது. ஆறாவதற்கு ரம்பத் தடம் இருக்கிறது, அதில் நம் அடுப்பின் கரி. படம் போடச் சொன்னார்கள். எனக்கு வராது என்றேன்.

நீங்கள் இனி என்ன எழுதினாலும் அம்மாவுக்கு நான்தான் படித்துக் காட்ட வேண்டும். ஆகவே உங்களுக்கு எது வருகிறதோ அதை எழுதுங்கள். நான் படித்துக்கொள்கிறேன்.

ஜெர்மன் செருப்பைத் தனிப் பொட்டலமாகத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

உங்கள் இருமல் எப்படி இருக்கிறது என்று அம்மா கேட்கச் சொன்னார். கேட்டுவிட்டேன்.

ஆந்தூசா